செடி வேண்டாம் என்று சொன்ன தெபுவா

மூரேயாவில் யாராவது செடி கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். பிடிக்கிறதோ இல்லையோ, வைக்க இடம் இருக்கிறதோ இல்லையோ, இரண்டு கையையும் நீட்டி வாங்கி, கொடுத்தவரின் கன்னத்தில் முத்தமிட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய் நட வேண்டும். அது பட்டுப்போனால்கூட வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் தீவில் பெண் கேட்டு வந்தவனை இல்லை என்று திருப்பி அனுப்பலாம், படகு இரவல் கேட்டவனிடம் கையை விரிக்கலாம். செடியை மட்டும் யாரும் மறுத்ததில்லை. தெபுவா மறுத்தாள். மூன்று வருடமாக மறுத்துக்கொண்டே இருந்தாள். ஊரில் அவளுக்குக் கெட்ட பெயர் வர அதுவே போதுமானதாக இருந்தது.

"மண்ணோட வேண்டாம். பூவை மட்டும் வெட்டிக் குடுங்க" என்பாள். கொடுக்க வந்தவர்களின் முகம் சுண்டிப்போகும். ஓட்டலில் அறை கூட்டியவளுக்கு இப்போது மண் ஆகாதாம் என்று தேவாலய வாசலில் பேசிச் சிரிப்பார்கள். அது அவள் காதுக்கு வந்து சேராமல் இருக்குமா? சேரும். மறுநாளும் அவள் அதையேதான் சொல்வாள்.

ஓட்டலில் அவள் அறை கூட்டியது உண்மைதான். வடகரையில், கடலுக்குள் குடில் கட்டிய பெரிய ஓட்டல். துண்டுகளை அன்னமாக மடித்துப் படுக்கையில் வைப்பதும், வந்தவர்கள் அந்த அன்னத்தைப் பிரித்து அழுக்குக் காலைத் துடைப்பதுமாக அவளுடைய நல்ல வயசெல்லாம் போயிற்று. ஒருநாள் ஓட்டலை மூடிவிட்டார்கள். குடில்கள் தண்ணீரில் சாய்ந்து கிடக்கின்றன, இன்னும் யாரும் வந்து எடுக்கவில்லை. தெபுவா தன் துடைப்பத்தோடு வாய்ஹோராப் பள்ளத்தாக்குக்கு, புருஷன் பூனுவாவின் வீட்டுக்கு, முழுநேரக் குடித்தனத்துக்கு வந்தாள். அப்போதுதான் நத்தைக்காரர்கள் ஆள் தேடிக்கொண்டு வந்தார்கள். வேலை என்ன என்று கேட்கும்வரை பலர் வரிசையில் நின்றார்கள். மரத்தில் இருக்கும் நத்தைகளைப் பார்த்துக்கொள்வது என்றதும் வரிசையில் தெபுவா மட்டும் மிஞ்சினாள்.

நத்தை என்றால் தோட்டத்தைத் தின்னும் பெரிய நத்தை இல்லை. அது வேறு கதை, அந்தக் கதையை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். பெரிய நத்தையை மனிதர்கள் சாப்பிடுவதற்கென்று யாரோ கொண்டுவந்தார்கள். அது தப்பிப்போய்த் தோட்டத்தைத் தின்றது. அதைத் தின்பதற்கென்று அதிகாரிகள் இன்னொரு நத்தையை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள். தனக்கிட்ட உத்தரவை அது படித்துப் பார்க்கவில்லை. பெரிய நத்தையை விட்டுவிட்டு, யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் இலையடியில் பாசியை நக்கிக்கொண்டிருந்த சின்ன மரநத்தைகளை ஒன்று விடாமல் தின்று தீர்த்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நத்தை, எங்கள் மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஜீவன், பத்து வருடத்துக்குள் காணாமல் போயிற்று. யாரோ சில புத்திசாலிகள் கடைசி நேரத்தில் கொஞ்சத்தைப் பொறுக்கி எடுத்து வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைகளில் வளர்த்தார்கள். அவற்றின் பேரன் பேத்திகள்தான் இப்போது விமானத்தில், சாப்பாட்டு டப்பாவில், ஈரக் காகிதத்துக்குள் சுருண்டு ஊர் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அடையாளத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு.

தெபுவா முதலில் சம்பளத்துக்காகத்தான் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் காலையில் ஓர் இலையைத் திருப்பியபோது ஒரு நத்தை குட்டி போட்டுக்கொண்டிருந்தது. முட்டை இல்லை. ஓட்டோடு, கொம்போடு, அரிசி அளவுக்கு முழுசான ஒரு குட்டி. இவை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பெறும். தெபுவா இரண்டு பெண்களைப் பெற்றவள், இருவரும் அக்கரையில் பாப்பேத்தே நகரத்தில் வேலையில் இருக்கிறார்கள், மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி. அவள் அந்த இலையைப் பிடித்தபடி கை மரத்துப்போகும்வரை நின்றாள். அன்று வீட்டுக்கு வந்து பூனுவாவிடம் சொன்னாள். அவன் வலையைப் பின்னிக்கொண்டே, "யார் மாதிரி இருக்கு, உன்ன மாதிரியா, என்ன மாதிரியா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவை அவள் நத்தைகளாகிவிட்டன.

சிக்கல் தட்டைப்புழுவில் இருந்தது. கறுப்பாக, ஈரத்தோல் மாதிரி, முதுகில் வெளிறிய ஒரு கோட்டோடு இருக்கும். நத்தை எங்கே ஏறினாலும் பின்னாலேயே ஏறி, ஓட்டுக்குள் புகுந்து தின்றுவிடும். கடலோரத் தோட்டங்களெல்லாம் அது வந்துவிட்டது. எப்படி வந்தது? தொட்டி மண்ணில்தான். இவள் அத்தைக்கு அவள் கொடுத்த பெரணி, அவள் சித்திக்கு இவள் கொடுத்த இஞ்சிப்பூச் செடி என்று, அன்பு போன வழியெல்லாம் புழுவும் போயிற்று. வாய்ஹோராவில், ஓடைக்கு மேல்புறத்தில் மட்டும் அது இன்னும் ஏறவில்லை. அதனால்தான் நத்தைகளை அங்கே விட்டார்கள். ஓடையைத் தாண்டி மண் எதுவும் வரக் கூடாது, வருகிறவர் காலை உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

ஆனால் அந்த நிலம் யாருடையது? பூனுவாவின் பரம்பரைக்குச் சொந்தம். பிரிக்காத நிலம். எத்தனை பங்காளிகள் என்று கடவுளுக்கே தெரியாது. நூமேயாவில் ஒருவன், பிரான்சு ராணுவத்தில் ஒருவன், எங்கே இருக்கிறான் என்றே தெரியாத ஒருவன். எல்லாருக்கும் எல்லா இடத்திலும் பங்கு. யாரும் யாரையும் வராதே என்று சொல்ல முடியாது. அதிலும் மருமகளாக வந்தவள் சொல்ல முடியுமா? போதாக்குறைக்கு, தெபுவாவின் மாமனார் சாகும்போது, தான் சேம்பு நட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தன்னைப் புதைக்கச் சொல்லிவிட்டார். ஓடைக்கு மேல்புறம். தகரக் கூரை போட்ட கல்லறை. அதற்குப் பின்னாலேயே நத்தை மரங்கள் ஆரம்பம்.

போன கிறிஸ்துமஸுக்கு அவர் இறந்தார். ஆகவே இந்த நவம்பர்தான் அவருக்கு முதல் கல்லறைத் திருநாள்.

அக்டோபரில் நத்தை அலுவலகத்து ஷந்தால் படகேறி வந்தாள். பிரான்சில் பிறந்தவள், ஆனால் இங்கே இருபது மழைக்காலம் பார்த்தவள், சேற்றில் எங்களைவிட நன்றாக நடப்பாள். ஓடைக்கு மேலே ஈரத்தரையில் அங்கங்கே பலகைகளைப் போட்டாள்.

"திருநாள் முடிஞ்ச வாரம் வந்து திருப்பிப் பாப்பேன். ஒரு பலகைக்கு அடியிலயும் புழு இல்லன்னா, புதுப் பெட்டி முழுசும் இங்கதான் வருது. முன்னூறு நத்தை. அதோட உன் பள்ளத்தாக்கு தன் கால்ல நின்னுரும் தெபுவா, அப்பறம் நாம கைபிடிச்சு நடத்த வேண்டியதில்ல" என்றாள்.

"இருந்தா?"

"இருந்தா பெட்டி ஹுவாஹினேத் தீவுக்குப் போயிரும். இங்க இருக்கறதையும் எடுத்துட்டுப் போக வேண்டியிருக்கும்."

தெபுவா தலையாட்டினாள். அன்றிரவு அவள் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. புழுவை நினைத்து இல்லை. மேரேத்தாவை நினைத்து.

மேரேத்தா பூனுவாவின் அக்கா. தேவாலயப் பெண்கள் குழுவுக்குத் தலைவி, பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய தோட்டம். அவளுடைய அந்தூரியங்களைப் பார்க்க பாப்பேத்தேயிலிருந்தே ஆட்கள் வருவார்கள். அப்பாவின் முதல் திருநாளுக்கென்று அவர் இறந்ததிலிருந்தே தொட்டி தொட்டியாக வளர்த்துக்கொண்டிருந்தாள். தெபுவா போய்ச் சொன்னபோது அவள் இலைகளைத் தேங்காய்ப்பால் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பூவை வெட்டிக் கொண்டுவந்தா போதும். தொட்டி வேண்டாம்."

மேரேத்தா நிமிரவில்லை. "எங்கப்பாவுக்குப் பூ வெக்க உன்கிட்ட அனுமதி கேக்கணுமா?"

"அப்படி இல்லக்கா. மண்ணுல புழு..."

"என் மண்ணுலயா? என் தோட்டத்துல புழு இருக்குன்னு சொல்றியா?"

"எல்லார் தோட்டத்துலயும் இருக்கு."

"வெட்டுன பூ மூணு நாள்ல வாடிரும். எங்கப்பா மூணு நாளைக்கா அங்க படுத்திருக்கார்?" துணியை வாளிக்குள் எறிந்தாள் மேரேத்தா. "உயிரோட இருந்தப்ப அவருக்கு ஒருநாள் நீ இப்படிக் காவல் காத்திருக்கியா? நத்தைக்குக் காக்கற. நத்தைக்கு."

தெபுவாவுக்குக் கோபம் தலைக்கேறியது. மாமனாரைக் கடைசி ஆறுமாதம் தூக்கி உட்காரவைத்து ஊட்டிவிட்டது யார்? இவளா? அந்தச் சமயத்தில் இவள் பெண்கள் குழுவோடு தாஹாத் தீவில் பாடிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அதோடு எல்லாம் முடிந்தது, இருபது தொட்டியோடு நாளைக்கே ஓடை தாண்டிவிடுவாள். நிலத்தில் பங்குள்ள மகள், யார் தடுக்க முடியும்?

"சரிக்கா, ஒண்ணு பண்ணலாம். தொட்டி வரட்டும். ஓடைகிட்ட ஒவ்வொண்ணையும் சுடுதண்ணில முக்கி எடுத்துத் தரேன். புழு இருந்தா செத்துரும். செடிக்கு ஒண்ணும் ஆகாது."

"வெந்துருச்சுன்னா?"

"வேகாது. கை பொறுக்கற சூடுதான்." அப்புறம், சமாதானம் உறுதிப்படட்டும் என்று, தன் வாயாலேயே சேர்த்தாள்: "சாப்பாடு என் பொறுப்பு. மாமா பக்கத்துலயே குழியடுப்பு போடறேன். பன்னி, ஈரப்பலா, சேம்பு, எல்லாம். அவரும் வாசம் பிடிக்கட்டும்."

மேரேத்தாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. அப்பாவுக்குக் குழியடுப்புப் பன்றி என்றால் உயிர் என்று ஊருக்கே தெரியும். "தேங்காப்பால்ல வாழப்பழக் களியும் வேணும்" என்றாள். தெபுவா அதற்கும் சரி என்றாள்.

திருநாளுக்கு முந்தின நாள் ஓடைக்கரையில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெபுவா ஒரு பீப்பாயில் தண்ணீரைச் சூடாக்கி, கையை முழங்கை வரை விட்டு விட்டுப் பார்த்தாள். சூடு கொஞ்சம் ஏறினால் செடி வெந்துபோகும். கொஞ்சம் இறங்கினால் புழு சுகமாகக் குளித்துவிட்டுப் போகும். மேரேத்தா ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்த தாய் மாதிரி, ஒவ்வொரு தொட்டியும் முங்கும்போது கையைப் பிசைந்தாள்.

"போதும், எடு."

"இன்னும் கொஞ்சம்."

"எடுன்னா எடு. இல தொங்குது பாரு."

"தண்ணிக்கு மேல இருக்கற இல எப்படிக்கா தொங்கும்?"

ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சண்டை. தெபுவாவின் கை சிவந்து வீங்கிவிட்டது. ஆனால் ஒரு தொட்டியைக்கூட அவள் சும்மா விடவில்லை. ஒன்றின் அடியிலிருந்து கறுப்பாக ஒன்று மிதந்து வந்தபோது அதைக் குச்சியில் எடுத்து மேரேத்தாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். மேரேத்தா அதைப் பார்த்தாள், பிறகு மலையைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தின் இனிப்பு தெபுவாவுக்கு நாள் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் பூனுவா வண்டியை ஓட்டிக்கொண்டு ஓடைக்கு வந்தான். பின்னால் வாழைமரங்கள். குழியடுப்புக்கு வாழைமரம் இல்லாமல் முடியாது. கல் பழுத்ததும் அதன்மேல் மரத்தைப் பிளந்து நசுக்கிப் பரப்பினால்தான் ஆவி எழும்பும், பன்றி கருகாமல் வேகும். காலையில் தெபுவாதான் அவனை அனுப்பியிருந்தாள். "காஞ்சது வேண்டாம், நல்லா தண்ணி கோத்த மரமா, தடியா பாத்து வெட்டு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவனும் அப்படியே, சாலையோரப் பள்ளத்தில், ஊர் வடிகாலெல்லாம் வந்து தேங்குகிற தன் சித்தப்பா தோட்டத்தில் வெட்டியிருந்தான்.

"காலைக் கழுவு" என்றாள் தெபுவா.

அவன் இறங்கி உப்புத் தண்ணீரில் காலைக் கழுவினான்.

"டயரையும்."

டயரையும் கழுவினான். "ஆச்சு. காலு ஆச்சு, டயர் ஆச்சு. ஆத்துமா ஒண்ணுதான் பாக்கி, அதயும் கழட்டித் தரவா?" என்றான்.

மேரேத்தாகூடச் சிரித்துவிட்டாள். தெபுவாவும் சிரித்தபடி, வீங்கிய கையால் போ போ என்று காட்டினாள். வண்டி ஓடையைத் தாண்டி மேலே ஏறியது. மிஞ்சின மரங்களை என்ன செய்ய என்று அவன் கத்திக் கேட்டான். திருநாளுக்கு மறுநாளும் அடுப்பு போட வேண்டியிருக்கும், காயவிடாதே, கல்லறைக்குப் பின்னால் நிழலில் போடு என்று இவள் கத்திப் பதில் சொன்னாள்.

தொட்டியில் மண் இருந்தது, அதை அவள் பார்த்தாள். வாழைமட்டையில் மண் இல்லை. பிறந்ததிலிருந்து குழியடுப்புக்கு வாழைமரம் சுமந்த ஜனம் நாங்கள். அதை ஒரு பொருளாகவே யாரும் பார்ப்பதில்லை, நெருப்புக்குக் காற்று மாதிரி அது பாட்டுக்கு வரும், போகும். தெபுவாவும் பார்க்கவில்லை.

திருநாள் நன்றாகவே நடந்தது. சுண்ணாம்பு அடித்த கல்லறை மேல் வெள்ளை மணல் தூவினார்கள், சுற்றிலும் அந்தூரியம் சிவப்பாக நின்றது, ஒன்றுகூட வேகவில்லை. பொழுது சாய மெழுகுவத்தி ஏற்றிப் பாடினார்கள். மேரேத்தாவின் குரல் பள்ளத்தாக்கின் அந்தப்புறம் போய்த் திரும்பி வந்தது. பன்றி எலும்பிலிருந்து கழன்று விழுந்தது. சாப்பிட்டு முடித்து எல்லாரும் நல்ல மனசோடு இருந்தபோது தெபுவா ஆசையாகக் கூப்பிட்டாள்:

"வாங்க, இந்தா பத்தடிதான், என் நத்தைங்களக் காட்டறேன். பொட்டில்லாததுகூட ஒண்ணு இருக்கு, இங்கயே பொறந்தது. இப்ப ஈரத்துக்கு நல்லா வெளிய வந்திருக்கும்."

மேரேத்தா தன் வெள்ளை உடுப்பின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். "சேறாயிரும். இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்" என்றாள். மற்றவர்களுக்கும் வெள்ளை உடுப்புத்தான். மூன்று வருடமாக அவர்கள் இன்னொரு நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷந்தால் வருவதற்கு முந்தின நாள் காலையில் தெபுவா பலகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். மரவட்டை இருந்தது, மண்புழு இருந்தது, அவ்வளவுதான். அவளுக்குப் பாடவேண்டும்போல இருந்தது. வருகிறவள் கண்ணுக்கு இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று கல்லறைக்குப் பின்னால் போய், அழுகத் தொடங்கியிருந்த வாழைமரங்களை அள்ளிப் போடக் குனிந்தாள். முதல் மட்டையைப் பிரித்தாள்.

மட்டைக்கும் மட்டைக்கும் நடுவில், தண்ணீர் கோத்திருந்த இடத்தில், அது படுத்திருந்தது. கறுப்பு. முதுகில் வெளிறிய கோடு.

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள். தொட்டி தொட்டியாக முக்கிய தன் கையைப் பார்த்தாள், தோல் உரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் கோத்த மரமாகப் பார்த்து வெட்டு என்று சொன்ன வாய் யாருடையது? நிழலில் போடு என்று கத்தியது யார்? நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒருமுறை இல்லை, பலமுறை. வேறு யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். தன்னைத் தானே எவ்வளவு நேரம் திட்டுவது?

பூனுவாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் புழுவை உப்பில் போட்டான், அது கரைந்து சளியாயிற்று. மற்ற மட்டைகளையெல்லாம் இருவரும் பிரித்துப் பார்த்தார்கள். வேறு புழு இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதான். செத்துப்போச்சு. மட்டைய எரிச்சுரலாம்" என்றான் பூனுவா. "பலக சுத்தமா இருக்குன்னு நீதானே சொன்ன. நாளைக்கு வருவா, பாப்பா, பெட்டியக் குடுப்பா. மூணு வருசம் நாயா ஒழச்சிருக்க. யார் பாத்தா?"

அவன் சொன்னது அவளுக்கு இனிக்காமல் இல்லை. வீட்டுக்குத் திரும்பாமல் மரங்களுக்கு அடியில் போய் நின்றாள். ஒன்று என்றால் ஒன்றுதானா? இந்தப் புழு ஒன்றாக வருவதாக எங்கே எழுதியிருக்கிறது? வேர் ஓரத்தில் இலைச்சருகைக் கையால் விலக்கினாள். இரண்டு ஓடுகள் கிடந்தன. சிவப்புப் பொட்டு வைத்தவை. இரண்டும் காலி, உள்ளே கழுவிவிட்ட மாதிரி சுத்தம்.

முன்னூறு உயிரைப் பெட்டியில் வரவழைத்து இதற்கு விருந்து வைப்பதா? அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தொலைபேசியை எடுத்தாள்.

"பெட்டிய ஹுவாஹினேக்கு அனுப்பிரு ஷந்தால்" என்றாள். "புழு வந்துருச்சு."

மறுமுனையில் ஷந்தால் கேட்டாள்: "பலகைக்கு அடியிலயா?"

"இல்ல. நீ வந்து பாத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்காது. வாழமட்டைல வந்துச்சு. குழியடுப்புக்கு நான்தான் வெட்டச் சொன்னேன்."

ஷந்தால் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது. மறுநாள் முதல் படகில் இரண்டு பேரோடு வந்தாள். இலை இலையாக, கிளை கிளையாக, ஏணி போட்டு ஏறி, உயிரோடு இருந்தவற்றையெல்லாம் எடுத்து ஈரக் காகிதத்தில் சுற்றினார்கள். தெபுவாவுக்கு எது எந்த மரத்தில் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் என்று தெரியும், அவளே பாதிக்கு மேல் எடுத்துக் கொடுத்தாள். தன் கையால் விட்டதைத் தன் கையாலேயே பறித்துக் கொடுப்பது என்ன வேலையோ. பொட்டில்லாததையும் கடைசியாக எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலப் படகில் அவை போயின.

"எப்ப திரும்பி வரும்?" என்று துறையில் நின்று கேட்டாள்.

"ஒரு தடவ ஏறின இடத்துலேருந்து அந்தப் புழுவ யாரும் இதுவரைக்கும் முழுசா ஒழிச்சதில்ல தெபுவா" என்றாள் ஷந்தால். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

ஊரில் செய்தி எப்படிப் போகும் என்று சொல்லவேண்டுமா? புழு வந்ததாம், நத்தை போயிற்றாம், மேரேத்தாவின் தொட்டியாம். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் மேரேத்தா ஓடையைத் தாண்டி வந்துவிட்டாள். கையில் மண்வெட்டி. தெபுவா வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கக் கல்லறைக்குப் பின்னால் ஊற்றிக்கொண்டிருந்தாள், பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும். மேரேத்தா நேராக அப்பாவின் கல்லறைக்குப் போய், அந்தூரியங்களைத் தொட்டியோடு தூக்கிச் சாய்த்து வேரைக் கொத்த ஆரம்பித்தாள். பத்து மாதம் வளர்த்தது. இரண்டு செடி போய்விட்டது, மூன்றாவதைத் தூக்கியபோது தெபுவா ஓடிப்போய் மண்வெட்டியைப் பிடித்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"என் தொட்டிதானே?" மேரேத்தாவின் கண் வீங்கியிருந்தது. "ஊரே சொல்லுது. அன்னிக்கே ஒண்ணு மிதந்துச்சு, நானும்தானே பாத்தேன். வாய மூடிக்கிட்டேன். சொல்லு, என் தொட்டிதானே? வாயத் தொறந்து சொல்லிரு."

தெபுவா சத்தியமாக ஒரு நொடி யோசித்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. மூன்று வருடக் கேலி, தேவாலய வாசல் சிரிப்பு, தாஹாவில் பாடப் போனது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் தீர்ந்துவிடும். ஊரும் இனிமேல் ஒரு தொட்டிகூட மேலே கொண்டுவராது. ஆனால் இனிமேல் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

"இல்லக்கா" என்றாள். "உங்க தொட்டி எல்லாம் சுத்தம். வாழமட்டைல வந்துச்சு. நான்தான் கொண்டுவரச் சொன்னேன்."

மேரேத்தா மண்வெட்டியை விட்டாள். கல்லறை விளிம்பில் உட்கார்ந்தாள். கொத்திப்போட்ட இரண்டு செடியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வண்டி தாண்டறப்ப நானும்தான் சிரிச்சேன்" என்றாள் கடைசியில். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கி மரங்களை நோக்கி நடந்தாள். "எங்க, எனக்கு ஒண்ணு காட்டு. எதுக்கு இவ்வளவுன்னு நானும் பாக்கறேன்."

தெபுவா இருந்த இடத்திலேயே நின்றாள். மேரேத்தா இப்படிக் கேட்கவேண்டும் என்று எத்தனை நாள் காத்திருந்தாள். இப்போதா கேட்க வேண்டும்?

"நேத்துக் காலைல வரைக்கும் இருந்துச்சுக்கா" என்றாள்.

மேரேத்தா ஒரு கிளையைத் தாழ்த்தி, இலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுத்த இலையைத் திருப்பினாள்.